கண்ணாடியைக் கீறுது, அப்ப வைரமா? கிணத்துல வந்த கல்லுங்கள எப்படி அடையாளம் பாக்கறது?

தோட்டத்துக்காரன்

எல்லாருக்கும் வணக்கமுங்க. எங்க தோட்டம் காங்கயம் பக்கம், சிவன்மலைக்குப் போற வழியில. கிணத்துல தண்ணி அடியில போயிட்டதால ஆழப்படுத்துனோம், வெடி வெச்சு எடுத்த கல்லையெல்லாம் வேலியோரமா கொட்டி வெச்சிருக்குது. மழை பேஞ்சு மண்ணு கழுவுனதும் அதுல சிலது மினுமினுன்னு தெரிய, பசங்க பொறுக்கீட்டு வந்து திண்ணை பூரா அடுக்கிட்டாங்க.

இப்ப கையில இருக்கறது இதுங்க. ஒண்ணு, பால் கலந்த வெள்ளை, திருப்புனா ஒரு பக்கம் மட்டும் நீலமா ஒரு வெளிச்சம் ஓடுது. ரெண்டாவது சாம்பலும் பழுப்புமா ஒரு கல்லு, பீப்பா மாதிரி நடுவுல தடிச்சு ஆறு பக்கமா இருக்குது, அளவுக்கு மீறி கனம். மூணாவது வெளிறின நீலப்பச்சை, விரல் மொத்தம். நாலாவது கருப்பு, காந்தம் ஒட்டுது. அஞ்சாவது நல்ல பச்சை, வழவழன்னு கண்ணாடியாட்டம். இதுபோக தங்கத்தூள் மாதிரி மினுங்கற ஏடு ஏடா ஒண்ணு நெறைய கிடக்குது.

கல்லு வாங்கற ஆளுன்னு சொல்லி ஒருத்தரு வந்தாரு. வெள்ளைக்கல்ல எடுத்து எங்க ஜன்னல் கண்ணாடியில ஒரு இழு இழுத்துக் காமிச்சாரு, கோடு நல்லாவே விழுந்துருச்சு. "கண்ணாடிய அறுக்குது பாத்தீங்களா, இது வைரத்துக்குத் தாய்க்கல்லு, பச்சை மரகதம்"னு சொல்லி மொத்தத்துக்கும் சேத்து ஒரு தொகை சொல்றாரு. எங்க அய்யனுக்கு பாதி நம்பிக்கை வந்துருச்சு. எனக்கு என்னமோ இடிக்குது, ஏன்னா போன்ல ஒரு ஆப்புல போட்டோ எடுத்துப் போட்டா ஒரே கல்லுக்கு காலையில ஒரு பேரு சாயங்காலம் ஒரு பேரு சொல்லுது.

வீட்டுல வெச்சே இதெல்லாம் என்னன்னு ஓரளவுக்காவது கண்டுபிடிக்க முடியுமுங்களா? கண்ணாடிய கீறுனா வைரம்ங்கறது உண்மைதானுங்களா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

சும்மா_வந்தவன்

சுத்தியல் எடுத்து ஒரே போடு. உடையலன்னா வைரம், உடைஞ்சா ஜல்லி 😄

பட்டை_தீட்டறவன்_திருச்சி

மேல சொன்னத தயவுசெஞ்சு யாரும் செஞ்சுடாதீங்க. சுத்தியல்ல அடிச்சா வைரமும் உடையும் அண்ணே, சொல்லப்போனா நாலு திசையில சுத்தமா பிளந்துக்கும், அந்தக் காலத்துல வைரத்த ரெண்டாக்குனதே அப்படி உளி வெச்சுத் தட்டித்தான். கீறல் விழாம இருக்கறது வேற, அடி தாங்கறது வேற. இந்த சுத்தியல் கதைய நம்பி நல்ல கல்ல தூளாக்கிட்டு வந்து எங்ககிட்ட காட்டுனவங்க இருக்காங்க, ஒண்ணும் பண்ண முடியாது, தூள வெச்சு என்ன பட்டை தீட்டறது.

முதல் கல்லு மேல எனக்கு ஒரு யூகம் இருக்கு ஆனா இப்பவே சொல்லல, டெஸ்ட் பண்ணிட்டு வாங்க.

மலைக்கோட்டு_வாத்தியார்

தம்பி, நான் காலேஜ்ல ஜியாலஜி நடத்தி ரிட்டயர் ஆனவன், நீங்க சொன்ன ஏரியா எனக்கு நல்லாவே தெரியும், மாணவர்கள கூட்டிக்கிட்டு அந்தப் பக்கம் போறதுண்டு. சிவன்மலைப் பாறைய பத்தி ஹாலண்ட்ங்கற வெள்ளைக்காரர் 1901லயே ஜியாலஜிக்கல் சர்வே வெளியீட்டுல தனியா ஒரு பகுதியே எழுதியிருக்கார், பல்லாவரத்துப் பாறைக்கு சார்னகைட்னு பேர் வெச்ச அதே ஆள்தான். அதனால உங்க கிணத்துல விசேஷமான கல்லு வந்தா ஆச்சரியமே இல்ல. ஆனா விசேஷம்னா விலை அதிகம்னு அர்த்தம் எடுத்துக்காதீங்க.

முதல்ல அந்தக் கண்ணாடி விஷயம். ஜன்னல் கண்ணாடியோட கடினம் அஞ்சரை. மோஸ்ங்கறவர் 1812ல போட்ட வரிசை ஒண்ணு இருக்கு, ஒண்ணுலேர்ந்து பத்து வரைக்கும், நம்பர் பெருசா இருக்கறது சின்னதக் கீறும்: மாக்கல்லுல இருக்கற டால்க், ஜிப்சம், கால்சைட், ஃப்ளூரைட், அபடைட், ஃபெல்ஸ்பார், குவார்ட்ஸ், டோபாஸ், குருந்தம், கடைசியா வைரம். இதுல ஃபெல்ஸ்பார் ஆறு, குவார்ட்ஸ் ஏழு. அதாவது நம்ம ஊர்ல ரோட்டோரமா கிடக்கற வெங்கச்சங்கல்லு (குவார்ட்ஸ்தான் அது) எடுத்துக் கீறினாலும் கண்ணாடியில கோடு விழும், வீட்டு வாசப்படி கிரானைட்டுல இருக்கற ரெண்டு முக்கியமான கனிமமும் கண்ணாடிய கீறும். கண்ணாடியக் கீறினதால உங்களுக்குத் தெரிஞ்சது, அந்தக் கல்லு கால்சைட் இல்ல, ஜிப்சம் இல்ல, அவ்வளவுதான். அதுக்கு மேல வைரம் வரைக்கும் எதுவா வேணா இருக்கலாம். அந்த ஆள் உங்ககிட்ட செஞ்சு காமிச்சது ஒரு வித்தை.

இன்னொண்ணும் தெரிஞ்சுக்கோங்க, மோஸ் நம்பர்ங்கறது சும்மா வரிசை, அளவு கிடையாது. ஒம்பதுக்கும் பத்துக்கும் நடுவுல ஒரே படிதான்னு தோணும், நிஜமா கருவி வெச்சு அளந்தா வைரம் குருந்தத்தப் போல கிட்டத்தட்ட நாலு மடங்கு கடினம். அதனால ஏழரைன்னா ஏழுக்கும் எட்டுக்கும் சரி பாதின்னு கணக்குப் போட்டுடாதீங்க.

கீறிப் பாக்கறதுல எல்லாரும் ஏமாற இடம் ஒண்ணு இருக்கு. மென்மையான கல்ல கண்ணாடி மேல அழுத்தித் தேச்சா கல்லுதான் தேஞ்சு வெள்ளையா பொடி கோடு போடும், பாக்க கீறல் மாதிரியே இருக்கும். ஈர விரலால துடைங்க. கோடு போயிடுச்சுன்னா கல்லு தோத்துச்சு, நகத்த வெச்சு ஓட்டினா தட்டுப்படுதுன்னா கண்ணாடி தோத்துச்சு. அப்புறம் திருப்பியும் செய்யணும், கண்ணாடித் துண்டோட முனையால கல்லக் கீறணும். ரெண்டு பக்கமும் ஒரே பதில் வந்தாத்தான் நம்பலாம். கல்லோட மேல்தோல்ல செய்யாதீங்க, வெயில் மழையில நைஞ்சு போன தோல் எப்பவும் மெத்துன்னு இருக்கும், புதுசா உடைஞ்ச முகத்துல செய்யுங்க. இந்தக் குருந்தம் மாதிரி கல்லெல்லாம் மேல ஒரு அப்பிரகத் தோல் போத்திக்கிட்டு வரும், கத்தியில சுரண்டினா தோல் வந்துடும், உடனே "ச்சீ மாக்கல்லு"ன்னு தூக்கி வீசிடுவாங்க. உங்க ரெண்டாவது கல்லுக்கு அதனாலதான் சொல்றேன், அவசரப்படாதீங்க.

தோட்டத்துக்காரன்

ரொம்ப நன்றிங்க அய்யா. அப்ப என்னென்ன சாமான் வேணுமுங்க? எங்கிட்ட கத்தி, அரம், பழைய செம்புக்காசு, டைல்ஸ் துண்டு இதெல்லாம் இருக்குதுங்க. ஆசிட் பாத்ரூம் கழுவறது இருக்குது.

மலைக்கோட்டு_வாத்தியார்

அதுவே போதும். நகம் ரெண்டரை, செம்புக்காசு மூணு மூணே கால், கத்தி அஞ்சரை பக்கம், நல்ல அரம் ஆறரை. அதோட தெளிவான முனை இருக்கற வெங்கச்சங்கல்லு ஒண்ணு பொறுக்கி வெச்சுக்கோங்க, அதான் உங்க ஏழாம் நம்பர்.

டைல்ஸ்ல பளபளன்னு இருக்கற பக்கம் வேண்டாம், பின்பக்கம் சொரசொரப்பா வெள்ளையா இருந்தா அதுல கல்ல தேச்சு விழற தூளோட நிறத்தப் பாருங்க. டைல்ஸ் சிவப்பா இருந்தா உதவாது, பீங்கான் கப்போட அடியில கிளேஸ் பூசாத ஒரு வளையம் இருக்கும், அது நல்லா வேலை செய்யும். கருப்புக் கல்லுக்கு இந்த டெஸ்ட் ரொம்ப முக்கியம். காவிக்கல்லு சில சமயம் வெளிய கருகருன்னு இரும்பு மாதிரி மின்னும், ஆனா தூள் எப்பவும் காவிதான், ஹெமடைட்னு சொல்றது அதைத்தான். காந்தம் ஒட்டற இரும்புக்கல்லு மேக்னடைட், அதோட தூள் கருப்பு. சேலம் கஞ்சமலையில பட்டை பட்டையா கிடக்கறது இந்த மேக்னடைட்டும் குவார்ட்ஸும் சேந்த பாறை. ஏழுக்கு மேல கடினமான கல்லுக்கு பீங்கான் டெஸ்ட் செல்லாது, கல்லு பீங்கானத்தான் கீறும், வெள்ளையா விழறது பீங்கான் தூள், அத கல்லு தூள்னு நினைச்சுக்கக் கூடாது.

மினுங்கற ஏட்டுக்கு டெஸ்டே வேண்டாம், அது காக்காப்பொன், அப்பிரகம்னு சொல்றதும் அதைத்தான். நகத்தால நெம்பினா தாள் தாளா உரிஞ்சு வரும், வளைச்சு விட்டா திரும்ப நிமிரும். தங்கம்னா ஊசி முனையில நசுங்கும், உரியாது.

இப்ப எனக்குப் பிடிச்ச டெஸ்டுக்கு வரேன். கனம்னு கையில தூக்கிச் சொல்றீங்களே, அத நம்பரா ஆக்கணும். கடையில சின்ன டிஜிட்டல் தராசு கிடைக்கும், 0.01 கிராம் வரைக்கும் காட்டறது வாங்குங்க, விலை ஜாஸ்தி இல்ல. முதல்ல கல்ல கழுவிக் காய வெச்சு எடை போடுங்க, எழுதிக்கோங்க. அப்புறம் தராசு மேல ஒரு சின்ன பிளாஸ்டிக் கப்புல தண்ணி வெச்சு, பட்டனை அமுக்கி பூஜ்யம் ஆக்கிடுங்க. கல்ல மெல்லிசு நூல்ல கட்டி தண்ணிக்குள்ள தொங்க விடுங்க, முழுசா முங்கணும், ஆனா அடியிலயும் ஓரத்துலயும் படக்கூடாது, நூல கையிலயே பிடிச்சிருக்கணும். இப்ப தராசு ஒரு நம்பர் காட்டும், அது கல்லு ஒதுக்கின தண்ணியோட எடை. முதல் எடைய இந்த நம்பரால வகுத்தா ஒப்படர்த்தி, அதாவது அதே அளவு தண்ணியப் போல கல்லு எத்தனை மடங்கு கனம்ங்கறது, வந்துடும். அடியில பட்டா கல்லோட எடையும் சேந்துக்கும், எல்லாம் போச்சு. கல்லு மேல காத்துக்குமிழி ஒட்டியிருந்தா பிரஷ்ஷால தடவி விடுங்க. சின்ன தராசு பலதும் 200 கிராமுக்கு மேல தாங்காது, கப்பும் தண்ணியும் சேத்து அதுக்குள்ள இருக்கணும்.

குவார்ட்ஸ் 2.65, ஃபெல்ஸ்பார் 2.55லேர்ந்து 2.76, பச்சை நீல பெரில் வகை (மரகதம், அக்வாமரீன்) 2.7 சுத்தி, அபடைட் 3.2, வைரம் 3.52, குருந்தம் 4 பக்கம், மேக்னடைட் 5.2. சாதாரண பாட்டில் கண்ணாடி 2.5. நிறம் பொய் சொல்லும், வியாபாரி பொய் சொல்லலாம், இந்த நம்பர வளைக்கறது கஷ்டம். ஆனா ஒரே ஒரு டெஸ்ட வெச்சு பேர் வெச்சுடாதீங்க, ரெண்டு மூணு ஒரே பக்கம் கை காட்டணும்.

ஆசிட்ட இப்போதைக்கு தொடாதீங்க, உங்க கல்லு எதுக்கும் தேவைப்படாது.

சேலத்து_ஆளு

நடுவுல ஒரு டவுட் சார். எங்க பக்கம் சுண்ணாம்புக்கரட்டுல வெள்ளையா ஒரு கல்லு நெறைய இருக்கு, அதுவும் சுக்கான்கல்லும் பாக்க ஒண்ணாட்டமே இருக்கு, எப்படி பிரிக்கறது?

மலைக்கோட்டு_வாத்தியார்

சேலத்துக்காரருக்கு ஆசிட் உதவும். சுக்கான்கல்லு கால்சைட், நீர்த்த ஹைட்ரோகுளோரிக் ஆசிட் ஒரு சொட்டு விட்டா உடனே நுரைச்சுப் பொங்கும், எலுமிச்சம்பழம் பிழிஞ்சாக்கூட தூள்ல லேசா நுரைக்கும். உங்க வெள்ளைக்கல்லு மேக்னசைட், குளிர்ந்த ஆசிட்டுக்கு அசையாது, சூடு பண்ணினாத்தான் நுரைக்கும். சூடு பண்ற வேலைய வீட்டுல வேண்டாம், குளிர்ல நுரைக்குதா இல்லையாங்கறதே போதும். மேக்னசைட் கொஞ்சம் கனமும் ஜாஸ்தி, 3 பக்கம் வரும், உடைச்சா பீங்கான் மாதிரி வழவழன்னு இருக்கும், நாக்குல வெச்சா லேசா ஒட்டும். அதுக்கு மேல இந்த இழையில போகல, தனியா கேளுங்க.

சீனங்கோட்டை_நானா

நான் இலங்கையில பேருவளை, கல் வியாபாரம். வாத்தியார் சொன்னது எல்லாம் சரி, பாரம்தான் முதல் சாட்சி. இரத்தினபுரியில சுரங்கத்துல இறங்கி இல்லம் எண்டு சொல்ற கல் படிவத்த எடுத்து கூடையில போட்டு தண்ணியில சுத்துவாங்க, பாரம் குறைஞ்ச மணலும் வெள்ளைக்கல்லும் விளிம்பால போயிடும், நீலம் புஷ்பராகம் கார்னட் சிர்கோன் எல்லாம் கூடை அடியில தங்கும். தராசு ஒண்டும் இல்லாம தண்ணியே தரம் பிரிச்சுக் குடுக்குது. நல்ல சிர்கோன் 4.6 பக்கம், சரியான பாரம், கையில எடுத்தா உடனே விளங்கும்.

அந்த ஆறு பக்கக் கல்லுக்கு ஒண்டு சொல்றன். குருந்தமா எண்டு பாக்க அதோட தட்டையான தலைப்பக்கத்த நனைச்சு வெயில்ல சாய்ச்சுப் பாருங்க, முக்கோணம் முக்கோணமா சின்னச் சின்ன கோடு, படி மாதிரி தெரிஞ்சா நல்ல அடையாளம். கார்னட்டும் பாரமாத்தான் இருக்கும், ஆனா அது உருண்டை மாதிரி நாலாபக்கமும் ஒரே அளவுல வளரும், பீப்பா வடிவம் வராது. பின்னால டார்ச் பிடிச்சுப் பாருங்க, வெளிச்சம் உள்ள போகுதா எண்டு. போகாட்டி மோதிரத்துக்கு ஆகாது, என்ன பேர் வெச்சாலும் ஆகாது.

நல்ல பச்சை வழவழ எண்டு சொன்னீங்களே, லென்ஸ் இருந்தா உள்ள உருண்டையா குமிழி இருக்கா பாருங்க தம்பி. நான் வேற ஒண்டும் சொல்லல்ல.

தோட்டத்துக்காரன்

எல்லாரும் சொன்னபடி பண்ணீட்டேனுங்க. தராசு வாங்கியாச்சு. நூல் கட்டறதுதான் பெரிய பாடு, பீப்பாக்கல்லு வழுக்கி வழுக்கி கப்புக்குள்ள உழுந்து தண்ணி பூரா தராசு மேல. எங்கம்மா பூக்கட்டற நூலுல ரெண்டு சுத்து சுத்திக் குடுத்தாங்க, அப்பறம் நின்னுச்சு. ரெண்டு ரெண்டு தடவை போட்டேன், ஒண்ணா வந்தத எழுதறேன்.

வெள்ளை: காத்துல 46.82, தண்ணியில காட்டுனது 18.21, வகுத்தா 2.57. கண்ணாடிய கீறுது, அரம் அதைக் கீறுது, வெங்கச்சங்கல்லும் அதைக் கீறுது. உடைஞ்ச பக்கம் படி படியா இருக்குது, லைட்டு அடிச்சுத் திருப்புனா அந்தப் படியெல்லாம் ஒரே நேரத்துல பளிச்சுன்னு மின்னுது.

பீப்பா: 83.50, தண்ணியில 21.10, 3.96 வருது. மேல் தோலு கத்தியில சுரண்ட வந்துச்சு, உள்ள கத்தி வழுக்குது. அது வெங்கச்சங்கல்ல கீறுதுங்க, ஆழமாவே கீறுது! முக்கோணக் கோடும் இருக்குதுங்க நானா, நனைச்சதும் தெரிஞ்சுது. டார்ச் வெளிச்சம் உள்ள போகல.

நீலப்பச்சை: 12.40, தண்ணியில 4.58, 2.71. கண்ணாடிய நல்லா கீறுது. உள்ள பூரா வெடிப்பு.

கருப்பு: 38.70க்கு 8.80, 4.40. தூளு கருப்பு. நடுநடுவுல வெள்ளையா கோடு இருக்குது.

வழவழ பச்சை: 9.70க்கு 3.88, சரியா 2.50. கத்தியால கீறல, ஆனா வெங்கச்சங்கல்லு சுலபமா கீறுது. குமிழி இருக்குதுங்க. அய்யனுக்குக் காமிச்சேன், ஒண்ணுமே பேசாம எந்திரிச்சு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிட்டாரு.

சும்மா_வந்தவன்

சோடா பாட்டில் மரகதம் 😂 வாங்க வந்தவரு மொத்தத்துக்கும் விலை சொன்னாரே, அது ஏன்னு இப்ப யோசிங்க.

மலைக்கோட்டு_வாத்தியார்

அருமையா பண்ணியிருக்கீங்க தம்பி, என் மாணவர்கள்ல பாதிப் பேர் இவ்வளவு சுத்தமா எழுதிக் குடுத்ததில்ல.

அஞ்சாவது பாட்டில் கண்ணாடி, அத விட்டுடுவோம். கருப்பு மேக்னடைட், சுத்தமானதுக்கு 5.2 வரணும், உங்களுக்கு 4.40 வந்தது அந்த வெள்ளைக் கோட்டால, உள்ள லேசான கனிமம் கலந்திருக்கு. தூள் கருப்பு, காந்தம் ஒட்டுது, வேற சந்தேகம் வேண்டாம்.

பீப்பாக்கல்லு குருந்தம். 3.96, குவார்ட்ஸ்ஸ கீறுது, ஆறு பக்கம், தலையில முக்கோணம், நாலு சாட்சியும் ஒரே பக்கம். நம்ம ஊர்ல இதை இடிச்சுத் தூளாக்கி அரக்குல குழைச்சு சாணை பண்ணுவாங்க, கத்தி தீட்டறதுலேர்ந்து கல்லு தேய்க்கறது வரைக்கும் அதுதான் ஓடிக்கிட்டிருந்தது. செயற்கை சாணைக்கல்லு வந்த பிறகு அதுக்குக் கேள்வி போச்சு. நீலமும் கெம்பும் இதே கனிமம்தான், ஆனா வெளிச்சம் உள்ள போற தரம் வேணும், நானா சொன்னத கவனிங்க.

வெள்ளைக்கல்லு ஃபெல்ஸ்பார். கடினம் ஆறு, 2.57, படி படியா பிளவு. குவார்ட்ஸ்ஸா இருந்தா பிளவே கிடையாது, பாட்டில் உடைஞ்ச மாதிரி வளைஞ்சு வளைஞ்சு உடையும், எல்லாம் ஒரே நேரத்துல மின்னாது. இந்த "ஒரே நேரத்துல பளிச்சுன்னு மின்னுது"ன்னு நீங்க எழுதினீங்க பாருங்க, அதுதான் பிளவுக்கு சரியான அடையாளம், ஏன்னா படி வேற வேற உயரத்துல இருந்தாலும் எல்லாம் ஒரே திசையைப் பாத்துக்கிட்டு இருக்கு. ஓடற நீல வெளிச்சத்துக்குக் காரணம் உள்ள ரெண்டு வகை ஃபெல்ஸ்பார் மெல்லிசா அடுக்கடுக்கா பிரிஞ்சு நிக்கறது, வெளிச்சம் அதுல பட்டு சிதறுது. அதோட பேர திருச்சித் தம்பி சொல்லட்டும், ஆசையா காத்துக்கிட்டிருக்கார்.

நீலப்பச்சையிலதான் எனக்குக் கேள்வி. 2.71 குவார்ட்ஸுக்கு கொஞ்சம் ஜாஸ்தி. வெடிப்புல காத்து இருந்தா நம்பர் குறையுமே தவிர ஏறாது, உள்ள வேற கனமான கனிமம் இருந்தாத்தான் ஏறும், அதனால பெரில் பக்கம் சாயுது. அபடைட்டும் இதே நிறத்துல ஆறு பக்கமா வரும், ஆனா அது 3.2, கண்ணாடியையும் ஒழுங்கா கீறாது, அதனால அது அடிபட்டுப் போச்சு. இன்னும் ரெண்டு விஷயம் பாத்துச் சொல்லுங்க. அது உங்க தெளிவான வெங்கச்சங்கல்ல கீறுதா? பெரில் ஏழரைலேர்ந்து எட்டு, கீறணும். அப்புறம் கல்லோட பக்கத்துல மெல்லிசா கோடுங்க ஓடும், அது நீளவாக்குல ஓடுதா குறுக்கால ஓடுதா? குவார்ட்ஸ்ல குறுக்கால ஓடும், முனை கூம்பா முடியும். பெரில்ல நீளவாக்குல, தலை தட்டையா மட்டமா முடியும்.

இன்னொரு கேள்வி, இதுவும் கிணத்துலதான் வந்துச்சா? கேக்கறதுக்குக் காரணம் இருக்கு. குருந்தம் வர்ற பாறையில சிலிக்கா பத்தாக்குறை, முழுக்க சிலிக்காவான குவார்ட்ஸ் அதுல சேந்து வராது, சிவன்மலையில நெஃபலின்ங்கற சிலிக்கா குறைஞ்ச கனிமம் கலந்த சையனைட் பாறை இருக்கறதும் அதனாலதான் (விஷம் இல்லீங்க, சையனைட்டுங்கறது பாறையோட பேர்). பெரில் வர்றது பெக்மடைட்ங்கற பெரிய பெரிய படிகமா உறையற பாறையில, குவார்ட்ஸும் காக்காப்பொன்னும் அதுக்குக் கூட்டாளி. ரெண்டும் ஒரே பாறைத் துண்டுல வந்ததுன்னு சொன்னா நான் நம்ப மாட்டேன்.

தோட்டத்துக்காரன்

அய்யா, நீங்க கேட்டதுக்கப்பறம் பசங்கள கூப்புட்டு வெச்சு விசாரிச்சேன். நீலப்பச்சை கிணத்துது இல்லீங்களாம், பெரியவன் படியூர்ல எங்க மாமன் ஊட்டுக்குப் போனப்ப ஓடையில எடுத்துட்டு வந்து இதோட போட்டிருக்கறான். கேட்டா "எல்லாம் கல்லுதானப்பா"ங்கறான்.

கோடு நீளவாக்குல ஓடுதுங்க. ஒரு தலை உடைஞ்சிருக்குது, இன்னொரு தலை மட்டமா இருக்குது. வெங்கச்சங்கல்ல கீறுது, தொடச்சும் போகல, நகத்துக்குத் தட்டுப்படுது.

மலைக்கோட்டு_வாத்தியார்

படியூரா! அத முதல்லயே சொல்லியிருந்தா பாதி வேலை மிச்சம். அது அக்வாமரீனுக்குப் பேர் போன ஊர், பத்தொம்பதாம் நூற்றாண்டு ஆரம்பத்துல ஆங்கிலேயர் அங்க கிணறு மாதிரி தோண்டி எடுத்திருக்காங்க. அதுக்கு ரொம்ப முன்னாடியே நொய்யல் கரையில கொடுமணல்ல பெரில், குவார்ட்ஸ் எல்லாம் மணியா தேச்சிருக்காங்க, அகழாய்வுல பட்டறைக் கழிவோட கிடைச்சிருக்கு, பதிற்றுப்பத்துல கொடுமணம்னு வர்ற ஊர் அதுதான்னு சொல்றாங்க. ஆனா நான் ஊர் பேர வெச்சு முடிவு பண்ணல, கோடு, தலை, கீறல், 2.71 நாலும் பெரில்னு சொல்லுது. வீட்டுல இதுக்கு மேல போக முடியாது, உறுதியா வேணும்னா ஒளிவிலகல் எண் பாக்கணும், ரத்தினக்கல் லேப்ல ரிஃப்ராக்டோமீட்டர் வெச்சு சில நிமிஷத்துல பாத்துடுவாங்க. பெரில்னா 1.57, 1.58 பக்கம் காட்டும். அதுக்கு ஒரு முகத்தையாவது மட்டமா பாலிஷ் பண்ணியிருக்கணும்.

சீனங்கோட்டை_நானா

பெரில் சரிதான், ஆனா உள்ள பூரா வெடிப்பு எண்டு நீங்களே சொல்லிட்டீங்க. தண்ணியில போட்டு டார்ச் அடிச்சுப் பாருங்க, வெடிப்பு இல்லாத ஒரு கடலை அளவு இடம் இருந்தா அதுதான் கல்லு, மிச்சமெல்லாம் கூலி. பெரிய கட்டியப் பாத்து விலை மனசுல போட்டுக்காதீங்க.

தோட்டத்துக்காரன்

அந்த ஆளு நேத்து மறுபடியும் போன் பண்ணுனாருங்க. பச்சை பாட்டில் துண்டுன்னேன், கருப்பு மேக்னடைட், பீப்பா சாணைக்கல்லுன்னு சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல, அப்பறம் "சரிங்க, அந்த வெள்ளைய மட்டும் குடுங்க"ங்கறாரு. வைரத்துக்குத் தாய்க்கல்லுன்னு சொன்னதப் பத்தி பேச்சே எடுக்கல. திருச்சி அண்ணா, நீங்க ஏதோ யூகம்னீங்களே, அது என்னங்க?

பட்டை_தீட்டறவன்_திருச்சி

இப்ப சொல்றேன் அண்ணே. அது மூன்ஸ்டோன், சந்திரகாந்தக்கல்லுன்னு சொல்வாங்க, காங்கயம் பக்கத்து மூன்ஸ்டோன் கல்லு வாங்கற எல்லாருக்கும் தெரியும். அந்த ஆளுக்கும் முதல் நாளே தெரியும், அதான் அத மட்டும் கையில எடுத்தாரு, மீதி எல்லாம் உங்க கவனத்த அங்க இங்க இழுக்கறதுக்கு.

விலைய நான் பாக்காம சொல்ல மாட்டேன். மூன்ஸ்டோனுக்கு விலை அந்த ஓடற வெளிச்சத்துக்குத்தான், நீலமா பளிச்சுன்னு ஓடுனா ஒரு விலை, வெள்ளையா மங்கலா இருந்தா வேற விலை, வெடிப்பு இருந்தா குறையும். ரெண்டு மூணு பேருகிட்ட காட்டிட்டு குடுங்க, யாருகிட்டயும் கட்டியா மொத்தமா விக்காதீங்க. கிணத்து மேட்டுல இன்னும் தேடற எண்ணம் இருந்தா வேலியோரம் பொறுக்கறதோட நிறுத்துங்க, தோண்டி எடுத்து விக்கறதுன்னா கலெக்டர் ஆபீஸ்ல கனிமவளத்துறையில கேட்டுட்டு செய்யணும்.

குடுக்கறதுக்கு முன்னாடி ஒரு வேலை. கல்ல தண்ணியில நனைச்சு ஒரே ஒரு டார்ச்ச தலைக்கு மேல பிடிச்சுக்கிட்டு மெதுவா உருட்டுங்க. வெளிச்சம் எந்த முகத்துல நேரா மேல வந்து நிக்குதோ அங்க மார்க்கர்ல ஒரு புள்ளி வெச்சுடுங்க. இத குமிழா வழவழன்னுதான் தீட்டணும், முகம் முகமா பட்டை போடறது இல்ல, அந்தக் குமிழோட உச்சி சரியா அந்தப் புள்ளியில வந்தாத்தான் வெளிச்சம் நடுவுல மிதக்கும். கொஞ்சம் சாஞ்சு வெட்டிட்டா ஓரமா ஒதுங்கிக்கும், நல்ல கல்லும் பாதி விலைக்குப் போகும். பிளவு இருக்கற கல்லுங்கறதால வெட்டுற மெஷின்ல அழுத்தம் குடுத்தா படி படியா உரிஞ்சுக்கும், அதனால தெரிஞ்ச கையில குடுங்க. புள்ளி வெச்சுட்டு போட்டோ எடுத்து இங்கயே போடுங்க, ரெண்டு மூணு கோணத்துல, வெயில்ல வேண்டாம், நிழல்ல வெச்சு டார்ச் அடிச்சு எடுங்க.

தோட்டத்துக்காரன்

சரிங்கண்ணா, இன்னைக்கு ராத்திரி எடுத்துப் போடறேன். அய்யன் இப்ப அரத்தையும் வெங்கச்சங்கல்லையும் கையில வெச்சுக்கிட்டு வேலியோரமா உக்காந்திருக்கறாரு, கூப்புட்டா வரமாட்டேங்கறாரு.